கம்யூனிட்டி காலேஜ் மைதானத்தில் பேஸ்பால் பார்ப்பது எப்படி? பே ஏரியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பே ஏரியாவுக்கு வந்த புதிதில் பேஸ்பாலை ஒருமுறை நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு எல்லோரும் சான் பிரான்சிஸ்கோ ஓரக்கிள் பார்க்கைத்தான் கைகாட்டுவார்கள். அருமையான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் குடும்பத்தோடு போனால் டிக்கெட், பார்க்கிங், சாப்பாடு என்று பர்ஸ் இளைத்துவிடும். மேல் தட்டில் இடம் கிடைத்தால் பிட்சர் என்ன பந்து போடுகிறார் என்பதே தெரியாது. ஓக்லாண்ட், ஹேவர்ட், ஃப்ரீமாண்ட் பக்கம் இருப்பவர்களுக்கு அருகிலேயே இருந்த ஏ'ஸ் (அத்லெடிக்ஸ்) என்ற மேஜர் லீக் அணியும் 2024 சீசனோடு ஓக்லாண்டைக் காலி செய்துவிட்டது.

அதனால் முதல் ஆட்டத்தை வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) பாருங்கள் என்பேன். ஃப்ரீமாண்டில் ஓலோனி, ஹேவர்டில் ஷபோ, குப்பர்டினோவில் டி ஆன்சா, சான்டா கிளாராவில் மிஷன், சாரடோகாவில் வெஸ்ட் வேலி, சான் மட்டேயோவில் காலேஜ் ஆஃப் சான் மட்டேயோ என்று நம் ஆட்கள் நிறைய வசிக்கும் ஊர்களிலெல்லாம் பேஸ்பால் அணி இருக்கிறது. பிட்சரின் கையிலிருந்து புறப்படும் பந்து கேட்சரின் கிளவ்வில் வந்து விழும் சத்தத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முதலில், ஆடுவது யார்?

இது தெரிந்தால் பார்க்கும் விதமே மாறிவிடும். கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் உள்ளன. பள்ளி முடித்த யாரும் சேரலாம், கட்டணமும் குறைவு. ஆனால் இந்த மாநிலக் கம்யூனிட்டி காலேஜ்கள் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுப்பதில்லை. நீங்கள் பார்க்கும் பையன்களில் பலர் காலையில் வகுப்பு, பிற்பகலில் ஆட்டம், இரவில் எங்காவது வேலை என்று ஓடுபவர்கள். இங்கே ஆடக் கிடைப்பது இரண்டு சீசன். அதற்குள் நாலு வருடப் பல்கலைக்கழகம் ஒன்றின் கண்ணில் பட வேண்டும், இல்லையென்றால் மேஜர் லீக் டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறை) பெயர் வர வேண்டும்.

அப்படி வந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஜாக்கி ராபின்சன் பாசடீனா ஜூனியர் காலேஜில் ஆடியவர். ஆல்பர்ட் பூஹோல்ஸ் மிசௌரியில் மேப்பிள் வுட்ஸ் கம்யூனிட்டி காலேஜில் ஆடி, 1999 டிராஃப்டின் 13-ஆம் சுற்றில்தான் எடுக்கப்பட்டார். பிரைஸ் ஹார்ப்பர் சதர்ன் நெவாடா காலேஜில் ஒரே சீசன் ஆடிவிட்டு 2010 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார்.

நம் பக்கத்துக் கதை டேனியல் நாவாவுடையது. சான்டா கிளாரா பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்காமல், அதே அணிக்கு உபகரணங்கள் பார்த்துக்கொள்ளும் மேனேஜராக இருந்தார். பிறகு காலேஜ் ஆஃப் சான் மட்டேயோவில் சேர்ந்து ஆடிப் பெயர் வாங்கி, திரும்பவும் சான்டா கிளாராவுக்கே ஆட்டக்காரராகப் போனார். 2010 ஜூன் 12 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக மேஜர் லீகில் அவர் சந்தித்த முதல் பந்தே கிராண்ட் ஸ்லாம்: மூன்று பேஸிலும் (ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய நிலைகள்) ஆள் நிற்க, பந்து வேலிக்கு வெளியே. நாலு வரிசை பெஞ்சு மட்டும் போட்ட மைதானத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதெல்லாம் மனதில் இருக்கட்டும்.

ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

ஜனவரிக் கடைசியில் சீசன் தொடங்கும், ஏப்ரல் முடிவு வரை போகும், மே மாதம் பிளேஆஃப். கல்லூரிப் பெயரோடு அத்லெடிக்ஸ், பேஸ்பால் என்று சேர்த்துத் தேடினால் அட்டவணை வந்துவிடும். எதிரணிப் பெயருக்கு முன்னால் 'அட்' என்று போட்டிருந்தால் ஆட்டம் அவர்கள் ஊரில், 'வெர்சஸ்' என்றால் இங்கே. இதைக் கவனிக்காமல் கிளம்பினால் காலி மைதானத்தைத்தான் பார்ப்பீர்கள்.

பே ஏரியாவில் பெரும்பாலும் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் ஆட்டம் இருக்கும். வார நாட்களில் மதியம் 2 அல்லது 2:30-க்கே ஆரம்பித்துவிடுவார்கள். பல மைதானங்களில் விளக்கு கிடையாது, இருட்டுவதற்குள் ஒன்பது இன்னிங்ஸையும் முடித்தாக வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் சரிப்படும்.

என்னைக் கேட்டால் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முடிவு வரைதான் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருப்பதால் வெளிச்சமும் நீளும். லீக் ஆட்டங்கள் சூடு பிடித்திருக்கும், ஒவ்வொரு வெற்றியும் பிளேஆஃப் கணக்கில் சேரும். பிப்ரவரியில் போவதென்றால் அன்று காலையில் மறுபடியும் அட்டவணையைப் பாருங்கள். முந்தின நாள் பெய்த மழைக்கே ஆட்டம் தள்ளிப்போகும். வானம் வெளுத்திருந்தாலும் உள்மைதான மண் காய்ந்திருக்காது. செயற்கைப் புல் போட்ட மைதானங்களில் இந்தத் தொல்லை குறைவு.

டிக்கெட் பல இடங்களில் கிடையாது, நேராக உள்ளே போய் உட்காரலாம். சில கல்லூரிகளில் சின்னத் தொகை வாங்குவார்கள். பிளேஆஃப் என்றால் டிக்கெட் இருக்கும் என்று எண்ணியே போங்கள்.

என்ன எடுத்துப் போவது?

முதுகு சாயும் மடக்கு நாற்காலி ஒன்று போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அங்கே இருக்கும் அலுமினியப் பெஞ்சு வெயிலில் சுடும், மாலையில் சில்லிடும். தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர். அப்புறம் ஸ்வெட்டர், இதை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். மதியம் 2 மணிக்கு வியர்க்கும், நாலரைக்குக் காற்று கிளம்பினால் பல் கிட்டும். சான் மட்டேயோ கல்லூரி குன்றின் உச்சியில் இருக்கிறது. ஓலோனி மிஷன் பீக் மலைச்சரிவில் இருக்கிறது. இங்கெல்லாம் காற்றுக்குத் தடுப்பே இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போவதென்றால் ஒரு போர்வையும் பிளாஸ்கில் காபியும் சேர்த்து வையுங்கள். திறந்த வெளியில் மூன்று மணி நேரம் உட்கார அவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் கழிப்பறை எங்கே என்று போனவுடன் பார்த்துவிடுங்கள். சில இடங்களில் ஜிம் கட்டிடம் வரை நடக்க வேண்டியிருக்கும், சில இடங்களில் தற்காலிகப் பிளாஸ்டிக் கழிப்பறைதான்.

சாப்பாட்டுக் கடை இருந்தால் ஹாட் டாக், சிப்ஸ், சோடா. பல நாள் அதுவும் இருக்காது. எலுமிச்சை சாதமோ சப்பாத்தி ரோலோ கட்டிக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பீர் மட்டும் வேண்டாம், கல்லூரி வளாகத்தில் அனுமதி இல்லை. எல்லோரும் சூரியகாந்தி விதை கொறித்துத் தோலைத் துப்புவதைப் பார்ப்பீர்கள். நீங்களும் கொறிக்கலாம், தோலைப் போட ஒரு காகிதக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைப் புல் மைதானங்களில் விதைக்கும் சூயிங்கத்துக்கும் தடை இருக்கலாம், வாசல் பலகையைப் படியுங்கள்.

எங்கே காரை விடுவது, எங்கே உட்காருவது?

பல கல்லூரிகளில் வார நாட்களில் பார்க்கிங்குக்கு நாள் பர்மிட் எடுக்க வேண்டும். சில டாலர்தான், எந்திரத்திலோ கைப்பேசியிலோ கட்டிவிடலாம். அபராதம் அதைப்போல் பல மடங்கு. எவ்வளவு பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் ஹோம் பிளேட்டின் (பேட்டர் நிற்கும் இடம்) பின்புறமும் ஃபௌல் கோடுகளின் (அங்கிருந்து முதல், மூன்றாம் பேஸ் வழியாகப் போகும் எல்லைக் கோடுகள்) பக்கத்திலும் காரை விடாதீர்கள். பழகினவர்கள் யாரும் அங்கே விடாததற்குக் காரணம் உண்டு. 140 கிராம் தாண்டிய கெட்டிப் பந்து வேலிக்கு மேலே பறந்து வந்து கண்ணாடியில் இறங்கினால் செலவு உங்களுடையதுதான்.

இடத்தைப் பொறுத்தவரை, முதல் தடவை ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால், வலைக்குப் பின்புறம் உட்காருங்கள். பந்து வளைவது, கடைசி நொடியில் கீழே விழுவது எல்லாம் இங்கிருந்துதான் தெரியும். பாதுகாப்பும் அங்கேதான். கைக்குழந்தையோ தள்ளுவண்டியோ இருந்தால் வேறு இடமே யோசிக்க வேண்டாம்.

ஒன்றிரண்டு இன்னிங்ஸ் கழித்து மூன்றாம் பேஸ் பக்கம் நகர்ந்து பாருங்கள். பல மைதானங்களில் ஹோம் பிளேட்டிலிருந்து பார்த்தால் கிழக்கும் வடகிழக்கும் கலந்த திசையில் நடுமைதானம் அமைந்திருக்கும். பேட்டரின் கண்ணில் பிற்பகல் வெயில் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. அந்த அமைப்பில் மூன்றாம் பேஸ் பக்கம் இருப்பவர்களுக்கும் வெயில் முதுகில்தான் விழும்.

ஆனால் இங்கே வேலி தாழ்வு. வலதுகை பேட்டர் சீக்கிரம் சுழற்றினால் பந்து மூன்றாம் பேஸ் பக்கம் சீறி வரும், தாமதமாகச் சுழற்றினால் முதல் பேஸ் பக்கம் பறக்கும். அதனால் பந்து போடும் அந்த நொடியில் கைப்பேசியைப் பார்க்காதீர்கள். யாராவது "ஹெட்ஸ் அப்!" என்று கத்தினால் பந்து உங்கள் கண்ணில் பட்டால் விலகுங்கள், படாவிட்டால் அண்ணாந்து தேடாமல் இரண்டு கையாலும் தலையை மூடிக் குனிந்துவிடுங்கள். குழந்தைகளுக்கு இதை உட்காருவதற்கு முன்பே சொல்லிக்கொடுங்கள்.

வலைக்குப் பின்னால் கையில் ரேடார் கன்னும் பலகையுமாகச் சிலர் இருப்பார்கள். ஸ்கவுட்டாக (திறமையான ஆட்டக்காரர்களைத் தேடி வருபவர்) இருக்கலாம், வேறு கல்லூரிக் கோச்சாக இருக்கலாம். பெரும்பாலும் அன்று பந்து போடாத பிட்சர்கள்தான், ஒவ்வொரு பந்தின் வகையையும் வேகத்தையும் எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குக் குறுக்கே நிற்காதீர்கள். இன்னிங்ஸ் இடைவெளியில் மெதுவாகக் கேட்டால் "இப்போது போட்டது ஸ்லைடர் (கடைசியில் வளையும் பந்து), 79 மைல்" என்று சந்தோஷமாகவே சொல்வார்கள். பேஸ்பால் பாடம் இப்படி இலவசமாகக் கிடைக்கும் இடம் வேறு இல்லை.

கிரிக்கெட் பழகிய கண்ணுக்குச் சில குறிப்புகள்

விதி முழுவதையும் படித்துவிட்டுப் போக வேண்டியதில்லை. இவ்வளவு போதும்: ஒரு பக்கத்துக்கு மூன்று அவுட் ஆனால் மாறிக்கொள்வார்கள், இரு பக்கமும் ஆடினால் ஒரு இன்னிங்ஸ். பேட்டர் சுழற்றித் தவறவிட்டாலோ, அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்த பந்தைச் சும்மா விட்டாலோ ஸ்ட்ரைக்; எல்லைக்கு வெளியே வந்ததைச் சுழற்றாமல் விட்டால் பால். மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட், நாலு பால் என்றால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். இரண்டு ஃபௌல் கோட்டுக்கும் வெளியே போகும் பந்து ஃபௌல். முதல் இரண்டு ஸ்ட்ரைக் வரை அது ஸ்ட்ரைக்காக எண்ணப்படும், அதற்குப் பிறகு எத்தனை ஃபௌல் அடித்தாலும் ஆள் நிற்பார். ஆனால் ஃபௌல் பந்தையும் தரையில் விழாமல் பிடித்துவிட்டால் அவுட்.

நம்மை அதிகம் குழப்புவது, அடித்தால் ஓடியே ஆக வேண்டும் என்பதுதான். பந்து உள்ளே விழுந்தால் ரன் வேண்டாம் என்று நிற்கும் உரிமை பேட்டருக்குக் கிடையாது. பின்னாலிருந்து ஆள் வருவதால் முதல் பேஸில் இருப்பவரும் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். பீல்டர் அவரைத் தொடாமல், அவர் போக வேண்டிய அடுத்த பேஸைப் பந்தோடு மிதித்தாலே அவர் அவுட். இரட்டை அவுட் எப்படி வருகிறது என்பது இதிலேயே விளங்கிவிடும்.

காதையும் கண்ணையும் எங்கே வைப்பது?

பெரிய ஸ்டேடியத்தில் பாட்டும் அறிவிப்பும் எல்லாவற்றையும் மூடிவிடும். இங்கே மைதானத்தில் பேசுவது முழுக்கக் காதில் விழும். முதல் பேஸில் ரன்னர் நின்றால் முதல் பேஸ் கோச்சைக் கவனியுங்கள். பிட்சர் அந்தப் பக்கம் பந்தை எறிந்தவுடன் "பேக்!" என்று கத்துவார், ரன்னர் நெஞ்சு தரையில் தேய பேஸை நோக்கிப் பாய்வார். ரன்னர் அடுத்த பேஸைத் திருட (பந்தை அடிக்கும் வரை காத்திராமல் பிடிக்க) ஓடினால் மைதானத்தில் பாதிப் பேர் "ரன்னர்!" என்று ஒரே நேரத்தில் குரல் கொடுப்பார்கள். உயரே போன பந்துக்கு மூன்று பேர் ஓடிவரும்போது ஒருவர் "ஐ காட் இட்" என்று கூப்பிட்டவுடன் மற்ற இருவரும் சட்டென்று விலகுவதைப் பாருங்கள். யாரும் கூப்பிடாவிட்டால் பந்து மூவருக்கும் நடுவில் விழும். இந்த மட்டத்தில் அதுவும் நடக்கும்.

சில அணிகளில் டக்அவுட்டிலிருந்து (அணியினர் உட்காரும் இடம்) கோச் "2-3-1" என்கிற மாதிரி எண்களைக் கத்துவார். கேட்சரும் மற்றவர்களும் உடனே மணிக்கட்டைப் பார்ப்பார்கள். அங்கே கட்டியிருக்கும் அட்டையில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன பந்து, எங்கே போட வேண்டும் என்று இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: முதல் பேஸில் ஆள் இருக்கும்போது ஷார்ட் ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் பீல்டர்) முகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கிளவ்வைத் தூக்கி முகத்தை எதிரணியிடமிருந்து மறைத்து, இரண்டாம் பேஸ்மேனுக்கு மட்டும் வாயைக் காட்டுவார். மூடிய வாய் என்றால் ரன்னர் ஓடினால் நான் போய் பேஸை மறிக்கிறேன், திறந்த வாய் என்றால் நீ போ. சத்தமே இல்லாமல் அரை நொடியில் ஒரு முடிவு. இதைப் பார்க்கத் தொடங்கிவிட்டால், ஒன்றுமே நடக்கவில்லையே என்று தோன்றுகிற இடைவெளிகளில் எவ்வளவு நடக்கிறது என்று பிடிபடும்.

கணக்கு எழுதப் பிடித்தவர்களுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்மேன் 3, இரண்டாம் பேஸ்மேன் 4, மூன்றாம் பேஸ்மேன் 5, ஷார்ட் ஸ்டாப் 6, இடது, நடு, வலது பீல்டர்கள் முறையே 7, 8, 9. ஷார்ட் ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸ்மேனுக்கு, அவர் முதல் பேஸுக்கு எறிந்து இரண்டு அவுட் என்றால் 6-4-3 என்று எழுதுவார்கள். பத்து வயதுக் குழந்தை ஒரே ஆட்டத்தில் இதைக் கற்றுக்கொள்ளும், அப்புறம் உங்களைத் திருத்தவும் செய்யும்.

பக்கத்தில் இருப்பவர்களோடு

பெஞ்சில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஆடுகிறவர்களின் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, தோழிகள். இதை மறக்கவே கூடாது. ஒரு பையன் எளிதான பந்தை விட்டுவிட்டால் அவன் பெயரையோ எண்ணையோ சொல்லிச் சத்தமாக விமர்சிக்காதீர்கள், அவன் அம்மா இரண்டு வரிசை தள்ளி இருப்பார். தமிழில்தானே சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம், குரலின் தொனி எல்லா மொழியிலும் புரியும். அம்பயரைத் திட்டுவதும் எதிரணியைச் சீண்டுவதும் இங்கே ஒழுங்கு மீறலாகவே பார்க்கப்படும், வெளியே அனுப்பவும் செய்வார்கள். நல்ல கேட்சுக்கு எந்த அணி என்று பார்க்காமல் கை தட்டுங்கள். தேசிய கீதம் ஒலித்தால் எழுந்து தொப்பியைக் கழற்றுங்கள்.

பேச்சுக் கொடுக்கத் தயங்காதீர்கள். "இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன், அவர் ஏன் ஓடினார்?" என்று கேட்டால் பக்கத்து அப்பா ஒரு இன்னிங்ஸ் முழுக்க விளக்குவார். அவர் மகன் யார் என்று கேளுங்கள், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகப் போகிறான் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். ஏப்ரலில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீடுகள் நிறைய இருக்கும். இடம் கிடைத்திருந்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வேலி தாண்டி வரும் பந்தை மேஜர் லீகில் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். இங்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அணியின் செலவுக் கணக்கில் ஒவ்வொரு பந்துக்கும் விலை உண்டு, ஆட்டத்தில் இல்லாத பையன் ஒருவன் பார்க்கிங் வரை ஓடி வந்து தேடுவான். உங்கள் குழந்தை எடுத்துக்கொண்டு போய் டக்அவுட் ஓரத்தில் கொடுக்கட்டும். பந்தைத் துரத்தும் வேலை ஒன்றே போதும், அஞ்சாறு வயசுக் குழந்தைகள் மூன்று மணி நேரத்தையும் தாங்கிவிடுவார்கள். கார் வரும் இடமாக இருந்தால் கூடவே போங்கள்.

கடைசி அவுட்டுக்குப் பிறகு

உடனே கிளம்பிவிடாதீர்கள். இரு அணியும் வரிசையாகக் கை கொடுத்துவிட்டு, வெளிமைதானத்தில் வட்டமாக நின்று கோச் பேசுவதைக் கேட்பார்கள். பிறகு உள்ளூர் அணிப் பையன்கள் வேலைக்கு இறங்குவார்கள். பிட்சர் மேட்டில் கால் தோண்டிய பள்ளத்தைப் பெருக்கி, களிமண் போட்டு, தண்ணீர் தெளித்து, கனமான இரும்புத் தட்டால் ஓங்கி ஓங்கி இடிப்பான் ஒருவன். இன்னொருவன் பேஸ் ஓரங்களில் மண்ணை வாரியால் சமன் செய்வான். கடைசியில் மேட்டையும் ஹோம் பிளேட்டையும் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மணல் பைகளை வைப்பார்கள். சற்று முன்பு ஹோம் ரன் அடித்தவனும் அந்த மண்ணை வாரிக்கொண்டிருப்பான். இது முடியும் வரை மைதானத்துக்குள் கால் வைக்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். அவர்கள் வெளியே வந்த பிறகு "நன்றாக ஆடினீர்கள்" என்று சொன்னால் கூச்சத்தோடு நன்றி சொல்வார்கள். குழந்தை கேட்டால் கிளவ்வைப் போட்டுப் பார்க்கவும் கொடுப்பார்கள்.

பிடித்துப்போனால் அதே அணியின் அடுத்த சொந்த மைதான ஆட்டத்தைக் கிளம்பும் முன்பே கைப்பேசி நாள்காட்டியில் போட்டுவிடுங்கள். இரண்டாம் முறை போகும்போது எண்களெல்லாம் பெயர்களாகியிருக்கும். மே மாதம் அந்த அணி பிளேஆஃப் போனால் அங்கும் போகலாம். ஆரம்பச் சுற்றுகள் தரவரிசையில் மேலே இருக்கும் கல்லூரியின் மைதானத்திலேயே நடக்கும், கடைசி நாலு அணிகள் மட்டும் மாநிலப் பட்டத்துக்காக ஒரே இடத்தில் கூடும். பிளேஆஃப் நாளில் பெஞ்சு சீக்கிரம் நிரம்பிவிடும், ஒரு மணி நேரம் முன்னதாகவே நாற்காலியோடு போய்ச் சேருங்கள்.